புரியும், பேச வராது

"எனக்குத் தெலுங்கு நல்லாப் புரியும், பேசத்தான் வராது." ராஜபாளையத்தில் வீட்டு மொழி பற்றிப் பேச்செடுத்தால் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொல்கிறவர் பஞ்சாலையில் கணக்கு எழுதுகிறவராக இருக்கலாம், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருப்பவராக இருக்கலாம், சென்னையிலிருந்து பொங்கலுக்கு வந்த மென்பொருள்காரராகவும் இருக்கலாம். அவ்வா, அதாவது பாட்டி, "அன்னம் தின்னாவா?" என்று கேட்பார். இவர் "சாப்பிட்டாச்சு அவ்வா" என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். கேள்வி ஒரு மொழி, பதில் இன்னொரு மொழி. இருபது முப்பது வருடமாக இப்படியே ஓடுவதால் அந்த வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகவே படுவதில்லை.

அவர் மறுபடி பேச ஆரம்பிக்க உதவ நினைப்பவர்களுக்கான அத்தியாயம் இது. நீங்கள் அவருடைய அக்காவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், மலையடிவாரத்தில் வேலை செய்யும் ஆசிரியராகவும் இருக்கலாம். தெலுங்கை முன்வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் தமிழுக்கு அடுத்து அதிகம் பேசப்படும் வீட்டு மொழி அது. அருப்புக்கோட்டை தேவாங்கர் வீடுகளின் கன்னடத்துக்கும் மதுரை, பரமக்குடி சௌராஷ்டிர வீடுகளுக்கும் இதே வழிகள் ஒத்துவரும். செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, அய்யனார் கோவில் பக்கம் வாழும் பளியர்களின் மொழிக்குச் சில இடங்களில் தலைகீழாக மாற்றித்தான் ஆகவேண்டும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான யோசனையை ஒதுக்கிவிடுவோம். இப்படி ஒருவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, 'முப்பது நாளில் தெலுங்கு' புத்தகம் வாங்கிக் கொடுப்பது அல்லது செல்போனில் மொழி கற்பிக்கும் செயலியை இறக்கிக் கொடுப்பது. அவை மொழியே தெரியாதவர்களுக்காகச் செய்தவை. இவருக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே தெரியும். பக்கத்து வீட்டு வம்பைத் தெலுங்கில் சொன்னால் சரியான இடத்தில் சிரிக்கிறார். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்ட சொத்துத் தகராறு முழுவதும் சின்ன வயதிலேயே புரிந்து வைத்திருக்கிறார். காதுக்கு வரும் சொல்லை அடையாளம் காண்பது ஒரு வேலை. அதே சொல்லை உள்ளேயிருந்து தேடி எடுத்து, விகுதி சேர்த்து, எதிராளி காத்திருக்கும்போதே வாய்வழியே விடுவது வேறு வேலை. முதல் வேலையில் இவர் கெட்டிக்காரர், இரண்டாவதில் பழக்கமே இல்லை. புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்தவுடன் 'இது தெரிந்ததுதானே' என்று மூடிவைப்பார். ஐந்தாம் பாடத்தின் இலக்கணத்தைப் பார்த்தவுடன் 'இது நமக்கு வராது' என்று மூடிவைப்பார்.

அவருக்கு உண்மையிலேயே எவ்வளவு புரிகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பரீட்சை மாதிரி வேண்டாம். வீட்டில் மூத்த ஒருவரைத் தெலுங்கிலேயே ஏதாவது ஒரு வேலையைச் சொல்லச் சொல்லுங்கள், இவர் கையால் செய்யட்டும். பரணில் எந்தப் பாத்திரத்தை இறக்குவது, பத்திரப் பெட்டியில் எந்தக் காகிதத்தை எடுப்பது என்று கொஞ்சம் சுற்றிவளைத்த வேலையாக இருக்கட்டும். தடுமாறாமல் செய்தால் அவர் இந்த அத்தியாயத்துக்கு உரியவர். பாதியில் விழித்தால், இன்னும் சில மாதம் கேட்கவிட வேண்டும் என்று பொருள்.

கேட்கிறவரை முதலில் தயார் செய்யுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இந்தப் பகுதியைச் செய்யுங்கள். பேச வராதவரைத் திருத்துவதற்கு முன், அவர் யாரிடம் பேசப்போகிறாரோ அந்தப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசவேண்டும். நான் பார்த்தவரையில் பலரும் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் மொழி மறந்துபோனதல்ல. பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் ஏதோ ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்ல, சுற்றியிருந்த அத்தைமார் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். அது பாசச் சிரிப்புதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் அதைச் சொல்லிக்காட்டியதும் பாசத்தால்தான். பிள்ளை தமிழுக்கு மாறிவிட்டது.

பெரியவர்கள் செய்கிற இரண்டாவது காரியம் இன்னும் நுட்பமானது. பேரன் திக்கித் திணறி ஒரு தெலுங்கு வாக்கியம் தொடங்குவான். பாதியில் நிற்பான். பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று அவ்வா தமிழுக்கு மாறிவிடுவார். அவ்வளவுதான், அன்றைய தெலுங்கு முடிந்தது. கஷ்டப்படுத்தாமல் இருப்பதே அன்பு என்று அவர் நினைக்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் கஷ்டப்பட விடுவதுதான் அன்பு என்பதை அவருக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லவேண்டும்.

அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்றே மூன்று. சிரிக்கக்கூடாது, வேறு யாரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்கவும் கூடாது. பேரன் நின்றால் மனதுக்குள் பத்து வரை எண்ணவேண்டும், அதுவரை தமிழ் வரக்கூடாது. தப்பாகச் சொன்னால் 'அப்படி இல்லை, இப்படி' என்று திருத்தாமல், சரியான வடிவத்தைத் தன் பதிலுக்குள் வைத்து அடுத்த பேச்சைத் தொடரவேண்டும். இந்த மூன்றாவதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்து காட்டுங்கள். நீங்களே தப்பாக ஒரு வாக்கியம் சொல்லி, அவரைப் பதில் பேச வையுங்கள். நாலைந்து முறையில் பிடித்துக்கொள்வார்கள். குழந்தைகளிடம் அவர்கள் எப்போதும் செய்வதுதான் அது, பெரியவனிடம் செய்யத் தோன்றவில்லை, அவ்வளவே.

காது மந்தமான பெரியவர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. இவர் தயங்கித் தயங்கி மெல்லச் சொல்வார், அவர் "ஏமி?" என்று உரக்கக் கேட்பார். இவர் தன் தெலுங்குதான் தப்பு என்று நினைத்து ஒடுங்கிவிடுவார். அவருக்குக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில், டிவியை அணைத்துவிட்டு உட்காரச் செய்யுங்கள். காதுக் கருவி அலமாரியில் தூங்கினால் அதற்கு பேட்டரி வாங்கிப் போடுவது ஒரு மாத மொழிப் பயிற்சிக்குச் சமம்.

பேச்சைக் கையில் பிடித்துவைக்கும் சொற்கள்

முதல் வாரத்தில் வேறெதையும் சொல்லித்தர வேண்டாம். பேச்சு தமிழுக்குச் சரியும் அந்த ஒரு நொடியில் பிடித்து நிறுத்தும் சில தொடர்கள் போதும். 'ஆகு, செப்தானு' என்றால் இரு, சொல்கிறேன். 'மல்லா செப்பு' என்றால் மறுபடி சொல். 'நாக்கு தெலீது' என்றால் எனக்குத் தெரியாது. 'தீன்னி ஏமண்டாரு?' என்றால் இதை என்ன சொல்வார்கள். உங்கள் வீட்டில் இவை சற்று வேறு உருவத்தில் இருக்கும். வீட்டில் சொல்வது எதுவோ அதுதான் சரி. இந்த நாலும் நாக்கு நுனியில் இருந்தால், தெரியாத சொல் வந்தாலும் பேச்சு தெலுங்குக்குள்ளேயே சுற்றிவரும். கலிபோர்னியாவில் 1990களின் தொடக்கத்தில் மொழியியலாளர் லியான் ஹிண்டனும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து தொடங்கிய 'குரு–சீடர்' திட்டத்திலும் ஆரம்பப் பாடம் இதுவேதான்: இது என்ன, மறுபடி சொல் என்பவற்றை மூத்தவரின் மொழியிலேயே கேட்கக் கற்றுக்கொள்வது. அங்கே வாரத்துக்குப் பத்து முதல் இருபது மணி நேரம், மூன்று வருடம் என்று கணக்கு. பல மொழிகளுக்கு ஒன்றிரண்டு பேச்சாளர்களே மிஞ்சியிருந்தார்கள், சீடர் பல சமயம் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. நம் ஆளுக்கு அவ்வளவு தேவைப்படாது.

மரியாதை என்கிற முட்டுக்கட்டை

இதை மொழிப் புத்தகங்கள் எழுதுவதில்லை. வீட்டில் கேட்டு மட்டும் வளர்ந்த பிள்ளையின் காதில் விழுந்த தெலுங்கு எது? 'ரா', 'போ', 'தினு', 'கூர்ச்சோ', 'பட்டுக்கோ'. பெரியவர்கள் சின்னவர்களிடம் பேசும் தெலுங்கு. அத்தனையும் ஒருமை, அத்தனையும் கட்டளை. அந்தப் பிள்ளை வளர்ந்து, அதே பெரியவருக்குப் பதில் பேசவேண்டியபோது கையில் இருப்பது இந்தச் சரக்கு மட்டுமே. தாத்தாவைப் பார்த்து 'கூர்ச்சோ' என்றா சொல்வது? உள்ளே ஏதோ தடுக்கிறது. தடுப்பது சரியும்கூட. 'கூர்ச்சோண்டி', 'ரண்டி', 'தின்னாரா?' என்ற மரியாதை உருவங்களைக் காதால் கேட்டிருந்தாலும், வீட்டுக்கு வந்த சம்பந்திகளிடம் பெரியவர்கள் பேசியபோது கேட்டதாகத்தான் இருக்கும். தானே சொன்னதில்லை. ஆகவே பாதுகாப்பான தமிழுக்கு ஓடிவிடுகிறார்: "உட்காருங்க தாத்தா."

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கூச்சமாகத் தெரியும். உண்மையில் இது நல்ல வளர்ப்பு. தீர்வு எளிது, சீக்கிரம் பலன் தருவது. அந்த வீட்டில் யார் யாரை 'நுவ்வு' (நீ) என்கிறார்கள், யாரை 'மீரு' (நீங்கள்) என்கிறார்கள் என்று ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது வீட்டுக்கு வீடு வேறுபடும். சில வீடுகளில் அவ்வாவுக்கு 'நுவ்வு', தாத்தாவுக்கு 'மீரு'. அம்மாவை ஒருமையில் அழைக்கும் வீட்டில் நாயனாவை (அப்பாவை) அப்படி அழைக்க முடியாது. வதின, பாவ என்று கட்டிக்கொண்டு வந்த உறவுகளுக்குத் தனிக்கணக்கு. எந்தப் பாடப் புத்தகமும் உங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, தினமும் பயன்படும் ஏழெட்டு வினைச்சொற்களை இரண்டு உருவத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். சட்டென்று வாய் திறப்பதை இந்த இடத்தில்தான் பலரிடமும் பார்த்திருக்கிறேன்.

அடுப்படியில் ஒரு மணி நேரம்

எதிரே உட்கார்ந்து 'பேசு' என்றால் யாருக்கும் பேச்சு வராது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். வெயில் காலத்தில் மாங்காய் ஊறுகாய் போடும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவ்வா மணைப்பலகையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மாமிடிகாயைக் கொட்டையோடு பிளந்து போடுவார். பேத்தி பக்கத்தில் துணியால் ஒவ்வொரு துண்டையும் துடைத்துத் தாம்பாளத்தில் பரப்புவாள். "உப்பு வெய்யி" என்பார். பேத்தி ஒரு கை அள்ளிப் போடுவாள். "இங்கா" என்பார். இன்னொரு கை. "சாலு." இங்கே வேலை திரும்பவேண்டும். அடுத்து ஆவாலு, அதாவது கடுகு, பொடி செய்து போடும்போது அவ்வா கையில் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு என்று சொல்லும் பொறுப்பைப் பேத்தியிடம் விடுங்கள். "இங்கா", "கொஞ்செமு", "சாலு, சாலு" என்று அவள் சொல்லட்டும், அவ்வா போடட்டும். காரமு (மிளகாய்ப் பொடி), நூன (எண்ணெய்) என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒரு மணி நேரத்தில் அதே பத்துச் சொல்லை அவள் ஐம்பது முறை சொல்லியிருப்பாள், ஒரு முறைகூடப் பயிற்சி என்று தோன்றியிருக்காது. அவ்வா அளவு தப்பாகப் போய்விட்டதென்று பதறி ஒரு வாக்கியம் சொல்வார் பாருங்கள், அதற்குப் பேத்தி தன்னையறியாமல் தெலுங்கிலேயே பதில் சொல்லிவிடுவாள்.

ஊறுகாய் ஒரு உதாரணம்தான். பூக்கட்டுவது, கொலு அடுக்குவது, பழைய போட்டோக்களைப் பெட்டியிலிருந்து எடுத்து யார் யார் என்று பார்ப்பது, எல்லாமே ஆகும். போட்டோ இன்னும் நல்லது. இறந்தகாலம் தானாக வரும், கதையும் வரும். ஆண்களை அடுப்படிக்குள் இழுக்க முடியாவிட்டால் வண்டி துடைக்கும் நேரத்தையோ தோப்புக்குப் போய்வரும் வழியையோ பயன்படுத்துங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு ஒரு வரம். நேரடிப் போன் பேச்சு இந்தக் கட்டத்தில் கடினம், முகம் தெரியாது, சைகை உதவாது, காத்திருக்கும் மௌனம் கழுத்தை நெரிக்கும். குரல் பதிவென்றால் மூன்று முறை சொல்லிப் பார்த்து, பிடிக்காததை அழித்துவிட்டு, நாலாவதை அனுப்பலாம். அவ்வா அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். குடும்பக் குழுவில் போடாதீர்கள். ஒருவருக்கு ஒருவர், அவ்வளவுதான்.

கலப்புத் தெலுங்கே சரியான தெலுங்கு

'நேனு ரேஷன் கடைக்கி போயி வஸ்தானு' என்று சொன்னால் அது தெலுங்கா? என் தீர்ப்பு: ஆம். வினையும் விகுதியும் தெலுங்காக இருந்தால் பெயர்ச்சொல் எங்கிருந்து வந்தாலும் கவலைப்படாதீர்கள். ரேஷன், பஸ்டாண்டு, கரண்டு பில் எல்லாவற்றுக்கும் சுத்தத் தெலுங்குச் சொல் தேடிக்கொண்டிருந்தால் வாக்கியம் ஒருநாளும் முடியாது. இங்கே பேசப்படும் தெலுங்கு பல நூறு வருடமாகத் தமிழ்நாட்டில் வாழும் தெலுங்கு. விஜயநகர காலத்திலும் நாயக்கர் காலத்திலும் தெற்கே வந்த குடிகளோடு வந்தது, வந்த இடத்தின் சொற்களை எடுத்துக்கொண்டது. ஹைதராபாத் சினிமாவில் கேட்கும் தெலுங்கு வேறு வழியில் போய் வேறு சொற்களை எடுத்துக்கொண்டது. ஓ.டி.டி.யில் படம் பார்த்துத் தெலுங்கைச் சரிசெய்துகொள்ள நினைக்கும் ஆள் தன் அவ்வாவின் தெலுங்கைத் தப்பு என்று நினைக்க ஆரம்பிப்பார். அப்புறம் இரண்டும் வராது. அவ்வாதான் அளவுகோல், செய்தி வாசிப்பாளர் இல்லை.

எழுத்து பற்றியும் இதே மாதிரி ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. 'எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் தெலுங்கே தெரியாது' என்பார்கள். தமிழ்நாட்டுத் தெலுங்கு வீடுகளில் பலவற்றில் பேச்சுக்குத் தெலுங்கு, எழுத்துக்குத் தமிழ் என்பதுதான் தலைமுறை வழக்கம். தெற்கே ஓடிவந்து குடியேறிய தெலுங்குக் குடும்பங்களின் கதையை 'கோபல்ல கிராமம்' என்று 1976-ல் நாவலாகத் தந்த கி. ராஜநாராயணன், தெலுங்கு வீட்டில் பிறந்து தமிழிலேயே எழுதியவர். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகளில் முதல் மொழிப் பாடம் தமிழ் என்றாகிவிட்டதால், இனி வரும் தலைமுறைக்குத் தெலுங்கு எழுத்து பள்ளி வழியாகக் கிடைப்பது அரிது. ஆகவே குறிப்பெழுத வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தெலுங்கு எழுத்து கற்க ஆசையிருந்தால் கற்கட்டும், பேச்சை அதற்காகக் காக்க வைக்கவேண்டாம்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: 'இது இந்த ஊர் மொழியே இல்லையே, எதற்கு?' பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் எழுதிய 'ஆமுக்தமால்யத' தெலுங்கின் பெருங்காவியங்களில் ஒன்று. அதன் கதை நடப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், நாயகி ஆண்டாள். நமக்கும் தெலுங்குக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 42 லட்சம் பேர் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். அதில் எத்தனை பேர் அன்று காலை அதில் ஒரு வாக்கியம் பேசினார்கள் என்று கணக்கு கேட்கவில்லை.

பயத்துக்குப் படி வைத்தல்

வீட்டில் வாய் வந்தவருக்கு வெளியே வராது. நார்வேயின் வடகோடியில் சாமி இன மக்களிடம் இதே நிலையைப் பார்த்தவர் ஜேன் யூசோ. விடுதிப் பள்ளிகள் வழியாகப் பல தலைமுறைக்கு நார்வேஜிய மொழி திணிக்கப்பட்டதில், சாமி மொழி புரிந்தும் பேசாத ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. பயத்தைக் குறைக்க உளவியலாளர்கள் கையாளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை அவர் மொழிக்குத் திருப்பினார். 2009-ல் அது வழிகாட்டி நூலாக வந்தது, பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பழங்குடி மொழிகளுக்காகவும் மாற்றியமைக்கப்பட்டது. அதன் சாரத்தை நம் ஊருக்கு இப்படிச் சொல்லலாம்: எந்தச் சூழலில் பேசப் பயம் குறைவு, எதில் அதிகம் என்று ஆளே வரிசைப்படுத்தவேண்டும், கீழ்ப்படியிலிருந்து தொடங்கவேண்டும், ஒரு படி சலித்துப்போகும் வரை அடுத்ததற்குப் போகக்கூடாது.

பெரும்பாலும் வரிசை இப்படி அமையும்: கைக்குழந்தையிடமும் நாயிடமும் பேசுவது எளிது (ராஜபாளையத்தில் வீட்டில் நாய் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அது சிரிக்காது). பிறகு அவ்வா. பிறகு வெளியூர் அத்தை. பிறகு தெலுங்கு பேசும் கடைக்காரர். மேல்படியில் கல்யாண வீடு. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் இருக்கும் இடம் அது, சின்ன வயதில் வாய் மூடியதும் அங்கேதான். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடும் உறவுக்கூட்டமும் அந்தப் படிதான். அங்கே முதலில் போகவேண்டாம். போகும்போது ஒருவரையாவது முன்கூட்டியே சொல்லிவைத்து, அவர் பக்கத்தில் உட்காரச் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் போவதற்கு முன் 'என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?' என்று கேளுங்கள், வந்த பிறகு 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அவரே பார்க்கட்டும்.

சாதி விஷயத்தைப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ராஜுக்கள், நாயுடு, ரெட்டியார் வீடுகளில் தெலுங்கு பேசுவது பெருமையாகக் கொள்ளப்படும். அருந்ததியர் தெருவிலிருந்து வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அதே தெலுங்கு, தான் எந்தத் தெரு என்று காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தைத் தரலாம். அந்தப் பயத்துக்குக் காரணம் அவர் மனதில் இல்லை, வெளியே இருக்கிறது. அவரிடம் 'தைரியமாகப் பேசு' என்பது உதவியல்ல. வீட்டுக்குள், தன் ஆட்களிடம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும். எந்தப் படியோடு நிறுத்துவது என்பது முழுக்க அவர் முடிவு.

மலையில் வேறு கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. தேன், கிழங்கு, குங்கிலியம், கடுக்காய் எடுத்து வாழ்ந்தவர்களில் பலர் இன்று தோப்பு வேலைக்கும் வனத்துறைக் கூலி வேலைக்கும் போகிறார்கள். அவர்களுடைய பேச்சு திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழுக்கு மிக நெருக்கமானது.

அந்த நெருக்கம்தான் இங்கே சிக்கல். தெலுங்குக்காரருக்குத் தமிழுக்கு மாறிய இடம் தெளிவாகத் தெரியும். பளியர் பேச்சில் தமிழ் எங்கே நுழைந்தது என்று பேசுகிறவருக்கே தெரியாமல் நுழைந்துவிடும். கீழே உள்ளவர்கள் அதைத் தனி மொழியாகவே எண்ணாமல் 'கொச்சைத் தமிழ்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். விடுதிப் பள்ளியில் படித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், பாட்டியின் பேச்சு புரிகிறது, தனக்கு வரவில்லை என்று உங்களிடம் சொன்னால், அந்தச் சிரிப்பை அவர் பல வருடம் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். 'இதற்குத் தமிழில் என்ன?' என்று கேட்ட மறுகணம் அவர் தமிழுக்குள் வந்துவிடுவார். பாட்டி ஒரு வாக்கியம் சொல்ல, அதே இழுப்போடு, அதே ஏற்ற இறக்கத்தோடு அவர் திருப்பிச் சொல்வது நல்ல தொடக்கம்.

இரண்டாவது, மௌனம். 1960களில் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் மிகக் குறைவாகப் பேசுவதையும், ஒருவருக்கொருவர் மேலாண்மை செய்யாமல், போட்டியிடாமல், மோதல் வந்தால் விலகிப் போய்விடும் பண்பையும் விரிவாக எழுதியிருக்கிறார். காட்டில் ஒரு விதமாகவும் சமவெளி ஊர்களில் இன்னொரு விதமாகவும் அவர்கள் மாறி மாறி நடந்துகொள்வதையும் குறித்திருக்கிறார். உதவ வருகிறவருக்கு இதில் இரண்டு செய்தி உண்டு. உங்கள் முன்னால் ஒருவர் பேசவில்லை என்பதால் மொழி போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள், உங்களுக்காக அதை உள்ளே வைத்திருக்கலாம். வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராக எழுந்து பேசச் சொல்வது, போட்டி வைப்பது, பரிசு கொடுப்பது எல்லாம் அங்கே அவமரியாதை. கைதட்டல்கூட வேண்டாம். நான் மேலே சொன்ன பத்து வரை எண்ணும் விதியும் அங்கே பொருந்தாது. எண்ணவே கூடாது. மௌனம் அங்கே பேச்சின் பகுதி.

மூன்றாவது, சொற்கள் வேலையோடு ஒட்டியவை. கிழங்கு தோண்டுகிற இடத்தில் வரும் சொல் தொகுப்பு வீட்டில் வராது. வன உரிமைச் சட்டம், 2006, சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையோடு மூத்தவர் போகும் வழியில் இளையவர் உடன் போவது எந்த வகுப்பறையையும்விட மேல். நீங்கள் உடன் போகவேண்டியதில்லை. நீங்கள் போனால் அவர்கள் தமிழில் பேசுவார்கள். உங்கள் வேலை, கூலி இழப்பு இல்லாமல் அந்த ஒரு நாள் அவர்களுக்குக் கிடைக்க வழி செய்வது. பதிவு செய்வதென்றால் அவர்களே செய்யட்டும், அவர்கள் செல்போனிலேயே இருக்கட்டும். தேன் இருக்கும் இடமும் மூலிகை இருக்கும் இடமும் அந்தப் பேச்சில் இருக்கும். அது உங்களிடம் வரவேண்டிய அவசியம் இல்லை.

பெரியவர் இல்லாத வீடு

அவ்வா போய்விட்டார், இனி யாரிடம் பேசுவது என்று கேட்பவர்கள் அநேகம். முதலில் அக்கா தங்கையைப் பாருங்கள். புரிந்தும் பேசாத இரண்டு பேர் ஒரே வீட்டில் வளர்ந்திருந்தால், இருவருக்கும் நினைவிருப்பது ஒன்றாக இருக்காது. ஒருவருக்குத் திட்டுவது நன்றாக நினைவிருக்கும், மற்றவருக்குத் தாலாட்டு. ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொடுப்பார். இங்கே சிரிப்பு அனுமதி, இருவரும் ஒரே நிலையில் இருப்பதால் அது காயப்படுத்தாது. தினமும் ஒரே நேரம், ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளட்டும், உதாரணமாக இரவில் அம்மா சமையலைப் பற்றிய பேச்சு. ஒரு சொல் இருவருக்கும் வராவிட்டால் தமிழ்ச் சொல்லைப் போட்டு நகரட்டும், அதை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை, தெருவில் உயிரோடிருக்கும் மூத்த பெண்மணி யாரிடமாவது போகச் சொல்லுங்கள். மொழி கற்க வந்ததாகச் சொல்லவேண்டாம். அவருடைய பெற்றோர் வீட்டில் இந்தப் பொருளை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டால் போதும், ஒரு சொல்லுக்குப் பதிலாக அரை மணி நேரக் கதை வரும். கையில் ஏதாவது கொண்டுபோகவேண்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்றால் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெற்றிலை பாக்கு எப்போதும் ஆகும். கதை நடக்கும்போது நோட்டை மடியில் மூடிவைத்திருக்கட்டும், எழுதுவதை வாசல் தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.